‘அரிது’ என்பது எந்த ஊசிக்கு?

தீராத வலிக்குப் போடும் ‘நெர்வ் பிளாக்’ ஊசியால் நிரந்தரப் பாதிப்பு வருமா என்று கேட்டால், மிக அரிது என்பார் டாக்டர். பொய்யில்லை. கை, கால் நரம்புகளைச் சுற்றிப் போடும் ஊசியால் நெடுநாள் நீடிக்கும் நரம்புக் காயம் பத்தாயிரத்தில் 2 முதல் 4 பேருக்குத்தான் என்பது கணிப்பு. ஊசிக்குப் பின் மரத்துப்போவதும் கூச்சமும் அதைவிட அதிகம் பேருக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் எல்லா நரம்பு ஊசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. புற்றுநோய் வலிக்காக வயிற்றின் உட்புற நரம்புப் பின்னலை மருந்தால் அழிக்கும் ஊசியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1986–1990 காலத்தில் அதைப் போட்டுக்கொண்ட 2,730 பேரில் 4 பேருக்குக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன.

மரக்க வைக்கும் மருந்தின் வேலை பொதுவாக ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். நிலைத்த சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: ஊசிமுனை நரம்புக்குள்ளேயே இறங்குவது, ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்துவது, கிருமித் தொற்று, மருந்து ரத்தக் குழாயில் கலப்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஓர் உதாரணம்: இத்தகைய ஊசிகளில் சேர்க்கும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அந்தத் துகள்கள் திரண்டால் ரத்தச் சிவப்பணுவைவிடப் பெரியவை. கழுத்தில் போடும்போது தமனிக்குள் போனால் மூளைக்கோ தண்டுவடத்துக்கோ ரத்தம் போகாமல் அடைத்துவிடும். தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், மரணம்கூட நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. கழுத்து நரம்பு வெளிவரும் துளை வழியாகப் போடும் ஊசியில் துகள் ஸ்டீராய்டு கூடாது என்று 2015இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. தெளிந்த நீர்போன்ற டெக்ஸாமெத்தசோனில் அந்தத் துகள்கள் இல்லை. ஆக, ஆபத்தில் ஒரு பகுதி விதியல்ல; தேர்வு.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து ஊசியை விட்டு மாத்திரையிலேயே கிடப்பார் என்பார்கள். வலி மாத்திரைகளும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை என்பதால் இது நியாயமான கவலைதான். ஆனால் தாங்கமுடியாத புற்றுநோய் வலிக்காக ஊசியின் ஆபத்தை ஏற்பவர், தெரிந்து ஏற்பதே முறை. மரத்துப்போனதற்குக் காரணம் ஊசியல்ல, டிஸ்க் அழுத்தமோ சர்க்கரை நோயோ என்றும் வாதிடலாம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் ஊசிக்கு முன்பே கை கால் பலத்தையும் உணர்வையும் சோதித்து எழுதிவைக்க வேண்டும். எந்த இடம், எந்த மருந்து, ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்துப் போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தின் நேரம் கடந்தும் கால் தளர்ந்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக்கட்டைச் சில மணி நேரத்துக்குள் அகற்றினால்தான் கால் மீளும் வாய்ப்பு அதிகம்.