குமுக்கன் ஆற்றங்கரையில் இரவு தங்குவோருக்கு

தம்பலகாமத்து வயல்காரருக்கு யானை புதிதல்ல. ஆனால் வயலில் நம் இடத்துக்கு யானை வருகிறது; கதிர்காமப் பாதயாத்திரையிலோ யானையின் இடத்தில் நாம் போய்ப் படுக்கிறோம். அங்கே சட்டம் காட்டினுடையது.

செல்வச்சந்நிதியில் தொடங்கும் யாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக ஒகந்தை முருகன் கோயிலை அடைகிறது. அதற்கப்பால் ஊர் இல்லை. குமண, யால காடுகளுக்குள் ஐந்தாறு நாள் நடை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என அடியார்கள் இளைப்பாறி இளைப்பாறிப் போவார்கள்.

ஆற்றங்கரையில் ஏன் இத்தனை விலங்குகள்?

கிழக்கில் மழை மாரியோடு முடிந்துவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் கச்சானாக வீசும். காட்டுக் குளங்கள் சுண்டிப்போகும். ஊவா மலைகளில் பிறந்து குமணப் பூங்காவின் தெற்கு எல்லையாக ஓடும் குமுக்கன் ஆற்றில் அப்போதும் நீர் கிடைக்கும். மணலைத் தோண்டினாலும் ஊறும். யானை, எருமை, மான் அங்கே இறங்கும். மானைத் தேடிச் சிறுத்தை வரும். மருதமர நிழலில் கிடக்கும் மடுக்களில் முதலை உண்டு. பாலைப்பழம் பழுப்பதும் இந்த மாதங்களில்தான். கரடிகள் அதைத் தேடி மரமேறும்.

எங்கே படுப்பது?

விலங்குகள் நீருக்கு இறங்கும் தடத்தை விட்டு விலகி, கூட்டமாகப் படுங்கள். பழுத்த பாலை மரத்தடி வேண்டாம். இருட்டில் ஆற்றில் இறங்காதீர்கள். பகலிலும் மடுவைத் தவிருங்கள். சமைத்த மிச்சத்தைக் கிடக்கவிட்டால் அந்த மணம் யானையையும் அழைத்து வரும். புறப்படும்போது அடுப்பில் நீரூற்றித் தணலை அணையுங்கள்.

எப்போது போகலாம்?

கதிர்காம ஆடித் திருவிழாவை ஒட்டிக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் மட்டுமே நடக்கலாம். மற்றக் காலத்தில் பூங்காவுக்குள் வாகனத்தில்தான் செல்ல வேண்டும். இரவு தங்குவோர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் முகாமிடங்களை முன்பதிவு செய்ய வேண்டும்.

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்தன. அந்த நிலை குமுக்கன் கரைக்கும் வரக்கூடாது. கொண்டுபோன பொலித்தீனை முடிந்து வைத்து, கதிர்காமம் வரை சுமந்து செல்லுங்கள்.