எவர்சில்வர் போல்ட்டா? தலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

கடலோர ஊர்களில் கார் வைத்திருப்பவர்கள் பானட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது துருதான். உப்புக்காற்று எந்த போல்ட்டையும் விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எவர்சில்வர் போட்டுவிட்டால் நிம்மதி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தண்ணீர் பம்ப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளை மாற்றினேன். இரண்டு வருடம் கழித்து பம்ப்பைக் கழற்றியபோது ஒரு போல்ட் அலுமினிய மரைக்குள் ஜாம் ஆகி, பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளை போட்டு எடுத்துப் புது மரை போட லேத் பட்டறையில் ஒரு நாள் முழுக்கப் போனது. தவறு எங்கே நடந்தது என்று அதன்பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

துருப்பிடிக்காதது பலமாகவும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்ஜின்களில் சாதாரணமாக வரும் கறுப்பு அல்லது துத்தநாகப் பூச்சு போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று இருக்கும். 8.8 என்றால் அறுந்துபோகும் வலிமை 800 மெகாபாஸ்கல். நிரந்தரமாக நீளத் தொடங்குவது 640-ல். எவர்சில்வர் போல்ட்டில் ஏ2-70 என்று இருந்தால் அறுவது 700-ல், நீளத் தொடங்குவது 450-லேயே. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் இதைக் கணக்குப் போட்டால், 8.8 போல்ட் சுமார் 2.4 டன் இழுவையை நீளாமல் தாங்கும். ஏ2-70 சுமார் 1.7 டன்னிலேயே நீளத் தொடங்கிவிடும். ஏ2-50 என்று இருந்தாலோ ஒரு டன்னைக்கூட நீளாமல் தாங்காது. தலையில் எதுவுமே எழுதாத போல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராடு, ஃப்ளைவீல், என்ஜின் மவுன்ட், பிரேக் காலிப்பர், சக்கரம் ஆகிய இடங்களுக்கு எவர்சில்வர் போல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கம்பெனி குறிப்பிட்ட போல்ட்தான் போக வேண்டும். பல என்ஜின்களில் ஹெட் போல்ட் ஒரே முறைதான் பயன்படும். இறுக்கும்போதே கொஞ்சம் நீளும்படி செய்யப்பட்டது அது. பழையதையே துடைத்துப் போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால், சர்வீஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

டேப்பெட் கவர், ஏர் ஃபில்டர் பெட்டி, வெப்பத் தடுப்புத் தகடு, ஒயர் பிடிக்கும் கிளாம்ப் போன்ற சுமை குறைந்த இடங்களில் எவர்சில்வர் தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை உலர்ந்தபடியே வேகமாக முடுக்கினால் மரையும் மரையும் உரசி ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் எந்தப் பக்கமும் திரும்பாது, அறுக்கத்தான் வேண்டும். அலுமினியத்தில் மாட்டினால் ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். என் பம்ப்பில் நடந்தது இதுதான். இரண்டுக்கும் மருந்து, மரையில் ஆன்டி சீஸ் பசை தடவுவது. பசை தடவிய போல்ட்டை டார்க் ரெஞ்ச்சில் பழைய அளவுக்கே இறுக்கக் கூடாது. உராய்வு குறைவதால் அதே முறுக்கு கூடுதல் இழுவையாக மாறிவிடும். சைலன்சர் மேனிஃபோல்டுக்கு வேறு கணக்கு. அங்கே வெப்பம் தாங்கும் ஸ்டட் எது என்று கம்பெனி சொல்வதையே கேளுங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஏ2 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகம் விலை மலிவு, உப்புக்காற்றில் சீக்கிரம் பழுப்பேறும். ‘காந்தம் ஒட்டலை பாருங்க சார், ஒரிஜினல் எஸ்.எஸ்.’ என்று கடைக்காரர் காட்டுவார். 202-லும் காந்தம் ஒட்டாது. உண்மையான 304 போல்ட்டிலோ, குளிர்நிலையில் அடித்து உருவாக்கியதால், காந்தம் லேசாக ஒட்டலாம். ஆகவே காந்தத்தை நம்பாதீர்கள். தலையில் ரகக் குறியீட்டோடு தயாரிப்பாளர் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1367-ன் 14-ஆம் பகுதி எவர்சில்வர் போல்ட்டுகளுக்கானது.

பில் கேளுங்கள், அதில் ‘ஏ2-70’ என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘போல்ட்’ என்றிருந்தால் பின்னால் வாதாட இடமிருக்காது. பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் இந்தப் பொறுப்பு போய்விடாது. மெக்கானிக் தவறான போல்ட் போட்டு என்ஜின் பழுதானால் அது சேவைக் குறைபாடு. சொந்தமாக டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். ‘தொழிலுக்கு வாங்கியது’ என்று அவரைத் தள்ளிவிட முடியாது. வாரன்டியில் இருக்கும் காரில் நாமாக வேறு போல்ட் மாற்றினால், அதனால் வரும் பழுதுக்கு வாரன்டி மறுக்கப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்பப் பொருள் வேண்டுமே! பட்டறைக்காரர் கோபத்தில் தூக்கி எறிவதற்குள் முறிந்த இரண்டு துண்டுகளையும் வாங்கி, முறிவு முகத்தைத் தேய்க்காமல் துடைக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பில்லோடு சேர்த்து வையுங்கள்.