அரிய நூற்காட்சியும் விளக்கச்சீட்டும்

பல்கலைக்கழக நூலகங்கள் நடத்தும் அரிய நூற்காட்சிகளில் நூல் முழுமையும் காட்சிக்கு வருவதில்லை; விரித்துவைத்த இரு பக்கங்களே வருகின்றன. ஆகவே பக்கத் தேர்வு மொழியாய்வு சார்ந்த முடிவுமாகும்.

1578-இல் கொல்லத்தில் அச்சான, அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே உடையது. அதன் படியொன்று ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. கோவாவில் 1577-இலும் கொல்லத்தில் 1578-இலும் வார்க்கப்பெற்ற இருவகை எழுத்துகளின் மாதிரி அந்நூலிலேயே இடம்பெற்றுள்ளது. முகப்புப் படம் கண்ணைக் கவரலாம். எழுத்து வரலாற்றுக்கோ அம்மாதிரியே முதன்மைச் சான்று.

விளக்கச்சீட்டில் நேரும் பிழை இதனினும் பெரிது. அந்நூலில் மெய்யெழுத்துகள் புள்ளி பெறவில்லை. எகர, ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்பெறவில்லை. ஒரு வரியை இக்கால எழுத்துமுறையில் மட்டும் பெயர்த்தெழுதினால், படித்தவரின் துணிபு மூலத்தின் சான்றாகத் தோன்றிவிடும். உள்ளவாறே படியெடுத்த வரியை மேலும், புள்ளியிட்ட வாசிப்பைக் கீழும் அச்சிடல் வேண்டும். மொழிபெயர்ப்பு அதன்பின் வரலாம்.