கடல் மட்டம் சமமானதா?

மலையொன்றின் உயரத்தைக் கூறுவோர் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர் என்று கூறுவர். பீதுருதாலகாலை 2,524 மீற்றர் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால், அவ்வளவைக்கு ஆதாரமான கடல் மட்டமே எங்கும் சமமானதன்று. காற்றும் அலையும் ஓய்ந்து, வற்றுப்பெருக்கும் நின்றுவிட்டதாகக் கொண்டாலுங்கூடச் சமுத்திரத்தின் மேற்பரப்பில் மேடும் பள்ளமும் இருந்தே தீரும். அவற்றுள் மிகத் தாழ்ந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. துருவங்களிற் சற்றே தட்டையான கோளமாகப் பூமியைக் கணிதர் வரையும் ஒழுங்கான பரப்பிலிருந்து அங்கே நீர் ஏறக்குறைய 106 மீற்றர் தாழ்ந்து கிடக்கின்றது. நியூகினியாவின் பக்கத்திலோ ஏறத்தாழ 80 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது.

அப்படியாயின், அவ்வழியே செல்லும் கப்பல் பள்ளத்துள் சறுக்கிச் செல்லாதோ? செல்லாது. மேல் எது, கீழ் எது என்பதை நிருணயிப்பது புவியீர்ப்பே. பூமியின் உட்பகுதி எங்கும் ஒரே அடர்த்தியுடையதன்று. திணிவு மிகுந்த இடம் நீரைத் தன்பால் இழுத்துக் குவிக்கின்றது. குறைந்த இடத்தில் நீர் தாழ்கின்றது. ஈர்ப்பின் திசைக்குச் செங்குத்தாகவே நீர்ப்பரப்பு எங்கும் அமைவதால், மாலுமிக்கு அது சமதளமே.

ஒல்லாந்த அறிஞர் வெனிங் மைனஸ் 1923ஆம் ஆண்டு முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஊசல்களைக் கொண்டுசென்று கடலில் ஈர்ப்பை அளந்தார். அலையின் ஆட்டம் எட்டாத ஆழத்திலேதான் ஊசல் ஒழுங்காக ஆடும். பொறுமை மிக்க அவ்வேலையால் சமுத்திரம் முழுவதையும் அளந்து முடிக்க எத்தனை தலைமுறை வேண்டியிருக்குமோ! 1958இல் ஏவப்பட்ட வான்காட் செய்மதியின் பாதையில் தோன்றிய சிறு பிறழ்வுகளே, பூமி சிறிதளவு பேரிக்காய் வடிவினது என்பதை வெளிப்படுத்தின.

1992இல் அமெரிக்காவும் பிரான்சும் ஏவிய டோப்பெக்ஸ்-பொசைடன் 1,336 கிலோமீற்றர் உயரத்தில் பறந்து, கடலை நோக்கி றேடார்த் துடிப்புகளை அனுப்பியது. துடிப்பு நீரிற்பட்டு மீள்வதற்கு ஒரு செக்கனின் நூறிலொரு பங்குகூடச் செல்லாது. அந்நேரத்தை அளந்து கடற்பரப்பின் உயரத்தைச் சில சென்ரிமீற்றர் அளவுக்குத் திருத்தமாகக் கணித்தனர். செய்மதி தான் நிற்கும் இடம் திருத்தமாகத் தெரியாவிடின் இவ்வளவை முழுவதும் வீண். ஆதலால் தரையிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி அதன் இடத்தையும் அளந்தனர். கடலடி மலையொன்று தன்மேல் நீரைச் சில மீற்றர் உயர்த்துமாகையால், எவரும் காணாத மலைகளும் இம்முறையால் வரைபடத்தில் ஏறின.

2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செய்மதிகளின் முறை வேறு. ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீற்றர் இடைவெளியில் அவை சென்றன. திணிவு மிகுந்த இடத்தை நெருங்குகையில் முன்செல்வது முதலில் இழுக்கப்பட, இடைவெளி ஒரு மயிரிழையினும் குறைவாக விரியும். அதனை நுண்ணலைகளால் அளந்தனர். நிலத்தடி நீர் குறைந்தாலும் ஈர்ப்பு குறையுமன்றோ? 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாப் பகுதிகள் இழந்த நீர் 109 கன கிலோமீற்றர் என இவ்வாறே அறியப்பட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பாராமலே கண்ட கணக்கு இது.

2004 திசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவில் பூகம்பம் நிகழ்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின், டோப்பெக்ஸும் அதன் வழித்தோன்றலான ஜேசன்-1உம் இந்து சமுத்திரத்தைக் கடந்தன. இலங்கையின் கரைகளை அழித்த ஆழிப்பேரலை, ஆழ்கடலில் 60 சென்ரிமீற்றர் அளவே உயர்ந்திருந்ததை அவை பதிந்தன. இலங்கையில் மாத்திரம் 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். பதிவுகள் தரைக்கு வந்து கணிக்கப்படப் பல மணி நேரம் சென்றது. ஒரே இடத்திற்குப் பத்து நாளுக்கொரு முறை திரும்பும் செய்மதி, அவ்வேளை அவ்விடத்திற் சென்றதே தற்செயல். எச்சரிக்கைக்கு அதனை நம்பியிருத்தல் இயலாது. அவ்வேலைக்குக் கடலடியில் வைக்கும் அமுக்கமானிகளும் மிதவைகளுமே வேண்டும். எனினும், ஆழ்கடலில் அவ்வலை சென்ற விதத்தைக் காட்டிய அப்பதிவைக் கொண்டே பேரலைக் கணிப்பு முறைகள் பின்னர் சரிபார்க்கப்பட்டன.