எண்ணெயா, கிரீஸா?

இரும்பும் இரும்பும் உராயுமிடத்தில் மசகு வேண்டும் என்பது, வண்டி அச்சுக்கு மை இட்ட நம் முன்னோர் நன்கறிந்த உண்மை. ஆனால் அந்த மசகு எண்ணெயாக இருத்தல் வேண்டுமா, கிரீஸாக இருத்தல் வேண்டுமா? சிறிதாகத் தோன்றும் இக்கேள்வி, போர்வீரனின் உயிரோடு விளையாடிய காலமும் உண்டு.

நான் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தபோது, எங்களுக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது பழைய 303 லீ-என்ஃபீல்டு ரைபிள். துப்புரவு செய்யும் நாளொன்றில், எண்ணெய் மிகுந்தால் நன்மையும் மிகும் என்றெண்ணி, தோட்டா அறை வரையில் அதனை வழியவிட்டேன். பயிற்சியளித்த ஹவில்தார் சினங்கொள்ளவில்லை. ஒரு துணித்துண்டை என் கையில் கொடுத்து, "அறையைத் துடைத்துவிடு தம்பி; இல்லாவிட்டால் அடி முழுவதும் போல்ட்டின் மேல் விழும்" என்றார்.

அதன் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து, உலர்ந்த அறைச் சுவரை இறுகப் பற்றுகிறது. பின்னோக்கி எழும் விசையில் ஒரு பங்கை அந்தப் பிடிப்பே தாங்குகிறது. சுவரில் எண்ணெய் படிந்திருந்தால் பிடி நழுவும். போல்ட்டின் மீது விழும் சுமை பெருகும். ஆகவே, மசகு கூடாத இடமும் உண்டு என்பதே நான் கற்ற முதற்பாடம்.

எண்ணெய் நுண்ணிய இடுக்குகளிலும் புகும். மெல்லிய படலமாகப் பரவித் துருவைத் தடுக்கும். ஆனால் வழிந்தோடிவிடும். கிரீஸும் அடிப்படையில் எண்ணெயே. கால்சியம், லித்தியம் முதலியவற்றின் சோப்போடு குழைத்து அதனை நிலைநிறுத்தியிருக்கிறார்கள். பஞ்சு நீரைப் பிடித்து வைப்பதுபோல், அச்சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்து, வேண்டுமிடத்தில் சிறிது சிறிதாக விடுகிறது.

லீ-என்ஃபீல்டின் போல்ட்டைச் சுடுபவர் தம் கையாலேயே இயக்குகிறார். அதற்கு எண்ணெய் போதும். அதன் கட்டையினுள்ளேயே சிறு எண்ணெய்ப் புட்டி வைக்க இடம் அமைத்திருந்தார்கள். அமெரிக்கப் படை 1936-இல் ஏற்றுக்கொண்ட, ஜான் காரண்டு வடிவமைத்த எம்-1 ரைபிளோ வேறு வகையானது. அதில் வெடிவாயு ஒரு நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ள, அத்தண்டு போல்ட்டைத் திருப்பித் திறக்கிறது. ஒவ்வொரு வேட்டுக்கும் அவ்விடத்தில் கடும் உராய்வு நேர்கிறது. பெருமழையில் சோதித்தபோது எண்ணெய் கழுவுண்டு போயிற்று, போல்ட் இறுகிக்கொண்டது. எதிரி முன் நிற்பவனுக்கு இதைவிடப் பெருங்கேடு வேறில்லை. எனவே இரண்டாம் உலகப் போரில், நீரால் எளிதில் கழுவப்படாத கிரீஸைச் சிறு சிமிழ்களில் அடைத்து வீரர்களுக்கு வழங்கினர்.

அப்படியானால் கிரீஸே வென்றது என்று முடித்துவிடலாமா? 1950-ஆம் ஆண்டின் இறுதியில், கொரியாவின் சாங்சின் நீர்த்தேக்கத்தருகே, சுழியத்துக்குக் கீழ் 30 டிகிரி செண்டிகிரேடு வரை சென்ற குளிரில் போர் நடந்தது. அங்கே பல படைக்கலங்களில் மசகு கெட்டிப்பட்டு, இயக்கம் தளர்ந்தது. வீரர்கள் இட்ட மசகைத் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. மழையில் காக்கும் தடிப்பே கடுங்குளிரில் தடையாகிவிடுகிறது.

பழைய ரைபிள்களைப் பேணுவோர் இன்றும் கொள்ளத்தக்க முறை இதுவே: சுமை தாங்கிச் சறுக்கும் பரப்புகளுக்குச் சிறிதளவு கிரீஸ், குழலுக்கும் நுண்ணிய உறுப்புகளுக்கும் மெல்லிய எண்ணெய், கடுங்குளிரில் எல்லாம் மிகக் குறைவாக. தோட்டா அறையும், எம்-1 ரைபிளின் வாயு உருளையின் உட்புறமும் உலர்ந்தே இருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, 'எது சிறந்தது?' என்று ஒருவர் உங்களைக் கேட்டால், 'எந்த இடத்தில், எந்தப் பருவத்தில்?' என்று திருப்பிக் கேளுங்கள். அன்று என் கையிலிருந்த துணித்துண்டு எனக்குக் கற்பித்தது அதுதான்.