ஃபத்வாவும் தீர்ப்பும்: ஒரு குல்உச் சான்றிதழ் எழுப்பும் வினா

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர் தவளக்குப்பம். அங்கு நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில், சில காலத்திற்கு முன் ஒரு சகோதரி நம் முன் ஒரு தாளை வைத்தார். அது வேற்றூர் ஜமாஅத் ஒன்று வழங்கிய குல்உச் சான்றிதழ். முத்திரை இருந்தது. மூவரின் கையொப்பமும் இருந்தது. “மறுமணம் பேசி முடித்துவிட்டார்கள். பதிவு செய்யப் போனால் இந்தக் காகிதம் செல்லாது என்கிறார்கள். ஹஸ்ரத், நான் இன்னும் அவருடைய மனைவிதானா, இல்லையா?” என்று கேட்டார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிகின்ற வினா அன்று அது. மார்க்கத்தின் பெயரால் யார் எதைச் சொல்லலாம், சொன்னது யாரைக் கட்டுப்படுத்தும் என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் தெளிவான வரையறை வைத்துள்ளன. ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) மறைந்த எகிப்து நாட்டு மாலிகி அறிஞர் இமாம் கராஃபி (ரஹ்) ஃபத்வாவையும் தீர்ப்பையும் வேறுபடுத்துவதற்கென்றே தனி நூல் யாத்தார். முஃப்தி இறைச் சட்டம் இன்னது என அறிவிப்பவர். காழி அதனை உரியவர்மீது கட்டாயமாக்குபவர். முன்னவரிடம் இருப்பது அறிவு; பின்னவரிடம் அறிவோடு அதிகாரமும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது தஹ்கீம் எனப்படும் நடுவம். தம்பதியரிடையே பிளவு அஞ்சப்படும்போது இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்புமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் பணிக்கிறது. அந்நடுவர்களுக்குப் பிரித்துவைக்கும் உரிமை உண்டா? உண்டு என்பது மாலிகி மத்ஹபு. இருவரும் ஒப்படைத்தாலன்றி இல்லை என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்தும் அதுவே.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். “கணவர் இசைந்தாரா?” என்று வினவினோம். “மூன்று முறை அழைத்தார்கள்; அவர் வரவே இல்லை” என்றார் சகோதரி. குல்உ என்பது மனைவி ஈடு கொடுக்க, கணவர் ஏற்று விடுவிப்பது. இசைவு இல்லாத இடத்தில் அதனைக் குல்உ என நம் மத்ஹபுகள் ஒப்புவதில்லை. அங்கே வேண்டுவது ஃபஸ்ஹு, அதாவது தக்க காரணம் நிறுவப்பட்டபின் காழி மணத்தைக் கலைப்பது. ஆகவே அரசு அலுவலகம் மறுப்பதற்கு முன்பே அத்தாள் ஃபிக்ஹின் தராசிலும் நிறை குறைந்தே நின்றது.

அப்படியானால் இங்கே காழி யார்? ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் நீதிமன்றங்களுக்குத் துணைநின்ற முஸ்லிம் சட்ட அலுவலர் பதவி 1864இல் நீக்கப்பட்டது. பின்னர் வந்த 1880ஆம் ஆண்டுக் காழிகள் சட்டம் காழியை நியமிக்க வழிசெய்தது. ஆனால் அவருக்கு நீதி அதிகாரம் எதையும் தரவில்லை என்பதையும் அதுவே கூறிவிட்டது.

புதுச்சேரியின் வரலாறு சற்று வேறானது. இந்தியர்கள், கிறித்தவராயினும் ‘மூர்’களாயினும் இந்துக்களாயினும், தத்தம் சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் ஏற்பவே தீர்ப்பளிக்கப்படுவர் என 1819 ஜனவரி 6ஆம் நாளைய பிரெஞ்சு ஆணை உறுதியளித்தது. மூர் என்றது முஸ்லிம்களை. அவ்வழக்கங்கள் எவை என நீதிபதிகளுக்கு எடுத்துரைக்க 1827இல் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. சட்டத்தை எடுத்துரைத்தது ஒரு தரப்பு, தீர்ப்பளித்தது மறுதரப்பு. 1881இல் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கும் வழியும் திறக்கப்பட்டது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான் எனப்பட்டனர். 1962இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968இல் இங்கு விரிவாக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஆக, ஆங்கிலேயப் பகுதியாயினும் பிரெஞ்சுப் பகுதியாயினும், கட்டாயமாக்கும் அதிகாரம் நம் உலமாக்களின் கையைவிட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று.

இந்நிலையை நம் முன்னோர் உணராதிருக்கவில்லை. கணவர் காணாமற்போயும் பராமரிக்காமலும் தவித்த பெண்கள், ஹனஃபி மத்ஹபில் விடுதலைக்கு வழி குறுகியிருந்தமையால் அல்லலுற்றனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) 1930களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில் மாலிகி மத்ஹபின் விதிகளைக் கையாள இடமளித்தார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம் அம்முயற்சியின் வழியே பிறந்தது. நான்காண்டு கணவர் இருக்குமிடம் தெரியாமை, ஈராண்டு பராமரிக்காமை, கொடுமை ஆகியன அதில் காரணங்களாயின. முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என முன்வரைவில் இருந்த விதி மட்டும் நீக்கப்பட்டது. உலமாக்களின் தயக்கம் அங்கேதான் தொடங்கிற்று.

அண்மைக் காலத் தீர்ப்புகளை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, பாதிக்கப்பட்டவரோ தொடர்புடையவரோ கேளாமல் தனிநபரின் உரிமை பற்றி ஃபத்வா வழங்கலாகாது என 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதன் முற்பகுதி இமாம் கராஃபி வகுத்த எல்லையிலிருந்து தொலைவிலில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், குல்உவுக்குப் பெண் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம், தனியார் ஷரீஅத் மன்றங்கள் மணமுறிவுச் சான்றளிக்க இயலாது என்றது. புதுச்சேரியும் அந்நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதே. கேரள உயர் நீதிமன்றம் 2021இலும் 2022இலும் கணவர் இசைவின்றியே குல்உ நிகழும் என்றது. அதனை உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. தீர்ப்புகள் எல்லாம் ஃபிக்ஹோடு பொருந்துவன அல்ல. எனினும் ஜமாஅத்தின் தாள் நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது என்பதில் ஐயமில்லை.

நீதிபதி முஸ்லிம் அல்லாதவராயின் அவர் கலைத்த மணம் மார்க்கத்தில் கலையுமா? ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம், சிறுபான்மையாக வாழும் முஸ்லிம்கள் அத்தகைய ஆணைக்கு உட்படலாம் என்றது. ஏற்கத் தயங்குவோருக்குத் தானவி அவர்களே ஒரு வழி காட்டியுள்ளார்: காழி இல்லாத இடத்தில், ஆலிம்களின் வழிகாட்டலில், நேர்மையாளர் மூவருக்குக் குறையாத குழு மாலிகி விதிப்படி விசாரித்து ஒருமனதாக ஃபஸ்ஹு செய்யலாம். ஆனால் அதற்குக் குற்றச்சாட்டு, சாட்சியம், கணவருக்கு அறிவிப்பு என நிபந்தனைகள் உண்டு. நாம் கண்ட தாளில் கையொப்பம் மூன்று இருந்தன. காரணம் ஒன்றுகூட எழுதப்படவில்லை.

ஆகவே ஜமாஅத்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. சமரசத்திற்கு முயலுங்கள்; அது உங்கள் உரிமையும் கடமையும் ஆகும். முயற்சி தோற்றால் நடந்ததை நடந்தவாறே நாளிட்டு எழுதிக் கொடுங்கள். குடும்ப நீதிமன்றத்திற்கு வழிகாட்டுங்கள். ஆணை வந்தபின் ஆலிம்கள் அமர்ந்து மார்க்க முடிவை விளக்கி இத்தாவைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். தம்மிடம் இல்லாத அதிகாரத்தை முத்திரையால் உண்டாக்க முற்படும்போது, இருக்கின்ற அறிவின் மதிப்பும் குன்றுகிறது.

அந்தச் சகோதரியிடம் இவற்றையே எடுத்துரைத்தோம். மறுமணத்தை நிறுத்திவைக்கச் சொல்வது நமக்கு எளிதாயில்லை. கேட்பது அவருக்கு அதனினும் கடினம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “இதை அவர்கள் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஹஸ்ரத்” என்றார். அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நம் ஜமாஅத்கள்தாம் இனி விடையளிக்க வேண்டும். அறிந்ததை அறிந்த அளவில் கூறும் அமானிதத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.