நட்சத்திரம் நொண்டினால்?

நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக முகாம் போட்ட காலத்தில், ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் கம்பெனி முதலாளிக்கு ஜுரம் வந்துவிடும் என்பார்கள். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, டிக்கெட் விற்றாகிவிட்டது, ஜனங்கள் வந்து உட்கார்ந்தும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் கதாநாயகன் கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தால் முதலாளி என்ன செய்வார், பாவம்!

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துச் சங்கத்தில் பணத்துக்காக ஆடும் கோஷ்டிகள் முப்பது இருக்கின்றன. அந்த முப்பது முதலாளிகளுக்கும் இந்த ஜுரம் வருஷத்தில் பாதி நாள் அடித்துக்கொண்டிருக்கிறது. தொண்டைக்குப் பதில் அங்கே முழங்கால், கணுக்கால், குதிகால். வித்தியாசம் அவ்வளவுதான்.

"ஒரு ஆள் விழுந்தால் என்ன? மற்றவர்கள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். கிரிக்கெட்டாக இருந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். பதினொரு பேர் ஆடுகிறார்கள்; பெரிய பாட்ஸ்மன் பூஜ்யத்துக்கு அவுட் ஆனாலும் பின்னால் வருகிறவர்கள் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். கூடைப்பந்திலோ மைதானத்தில் நிற்பவர்கள் ஐந்தே பேர். ஆட்டம் 48 நிமிஷம். நட்சத்திர ஆட்டக்காரர் அதில் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் ஆடுவார். தாக்குவதும் அவரே, தடுப்பதும் அவரே. இப்படி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள். அதில் தேறினால் அதற்கு மேலே, ஏழு ஆட்டங்களில் நான்கை ஜெயிக்க வேண்டிய சுற்றுக்கள் நான்கு. மனிதனுடைய முழங்காலைப் படைத்த பிரமன் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நட்சத்திரம் போடுகிற புள்ளிகள் மட்டும் அவருடைய மதிப்பு அல்ல. அவர் பந்தை எடுத்துக்கொண்டு கூடையை நோக்கி வந்தால் எதிராளிகள் இரண்டு பேர் அவர் மீது பாய்கிறார்கள். அப்படியானால் அவருடைய தோழர்களில் ஒருவர் காவலில்லாமல் நிற்கிறார் என்று அர்த்தம். பந்து அவருக்குப் போகிறது. அவர் சாவகாசமாகக் கூடையில் போடுகிறார். மறுநாள் பத்திரிகையில் "நன்றாகக் குறி பார்க்கிறார்" என்று அவருக்குப் பாராட்டு! நட்சத்திரம் நொண்டிக்கொண்டு வெளியே போனதும் இந்த நல்ல குறிகாரருக்கு முன்னால் ஒரு மலை வந்து நிற்கிறது. குறி தப்ப ஆரம்பிக்கிறது. ஆக, ஒரு ஆள் போனால் ஐந்து பேருடைய வேஷமும் மாறிவிடுகிறது.

இனி வில்லிஸ் ரீட் கதையைக் கேளுங்கள். நியூயார்க் நிக்ஸ் என்ற கோஷ்டியின் நடுநாயகம் அவர். 1970-ம் ஆண்டு பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பட்டம் பெற்றவர். இறுதிப் போட்டியில் எதிரே லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். அதில் ஏழடிக்கும் மேல் உயரமான வில்ட் சேம்பர்லின். மே 4-ந் தேதி நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் ரீடின் தொடைத் தசை கிழிந்து அவர் சாய்ந்தார். ஆறாவது ஆட்டத்தில் அவர் இல்லை. சேம்பர்லின் 45 புள்ளிகள் போட்டுத் தள்ளினார், நியூயார்க் படுதோல்வி. இருவரும் மும்மூன்று ஜெயித்திருந்தார்கள். மே 8-ந் தேதி கடைசி ஆட்டம்.

ஆட்டம் தொடங்கச் சில நிமிஷங்களே இருக்கும்போது, மாடிஸன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஒரு வாசல் வழியே ரீட் நொண்டிக்கொண்டு வந்தார். வலி தெரியாமலிருக்கத் தொடையில் ஊசி போட்டிருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கூவிய கூவலில் லேக்கர்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ரீட் முதல் பந்தைக் கூடையில் போட்டார். அடுத்ததையும் போட்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் ஒரு புள்ளிகூடப் போடவில்லை! மொத்தம் நான்கே புள்ளிகள். ஆனால் நியூயார்க் 113-க்கு 99 என்று ஜெயித்து, முதல் முறையாகச் சாம்பியன் ஆயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அன்று வால்ட் பிரேஸியர் என்பவர் 36 புள்ளிகள் போட்டு, 19 முறை தோழர்களுக்குப் பந்து கொடுத்துக் கூடையில் போடவும் வைத்தார். உண்மையில் ஆட்டத்தை ஜெயித்தவர் அவர்தான். ரீட் தைரியத்தைக் கொடுத்தார், சந்தேகமில்லை. அதைப் புள்ளியாக மாற்ற இன்னொருவர் வேண்டியிருந்தது.

ஊசி அன்று பலித்தது. எட்டு வருஷம் கழித்து அதே மாதிரி ஊசி என்ன செய்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்ட்லண்ட் நகரத்தின் பில் வால்டன் செம்பட்டைத் தலையும் தாடியுமாக இருப்பார். பந்தைப் பிடிப்பதிலும் கொடுப்பதிலும் அவரைப் போல ஒரு நெட்டையர் அபூர்வம் என்று சொல்வார்கள். 1977-ல் அவருடைய கோஷ்டி சாம்பியன். அடுத்த பருவத்தில் முதல் அறுபது ஆட்டங்களில் ஐம்பது வெற்றி! அடேயப்பா, இன்னும் நாலைந்து வருஷத்துக்கு இவர்களை யாரும் அசைக்க முடியாது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்போதுதான் வால்டனுடைய பாதத்தில் கோளாறு. அவர் இல்லாமல் மீதி 22 ஆட்டங்களில் வெற்றி எட்டுத்தான். சாம்பியன் பட்டத்துக்கான சுற்றுக்கள் வந்தன. எதிரே ஸியாட்டில். வால்டன் பாதத்தில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் இடது பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது.

வலி என்பது உடம்பு அடிக்கிற அபாய மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் வீட்டில் தீப்பிடிக்காது என்று அர்த்தமா?

போர்ட்லண்ட் அந்தச் சுற்றில் தோற்றது. வால்டன் அடுத்த பருவம் முழுவதும் ஆடவில்லை. பிறகு வேறு ஊருக்குப் போனார். அங்கேயும் முதல் மூன்று பருவங்களில் அவர் ஆடியது 14 ஆட்டங்கள். 1978-ல் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. அது கையில் வந்தபோது கால் போயிருந்தது. ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. 1985-86 பருவத்தில் பாஸ்டன் கோஷ்டியில் சேர்ந்தார், ராஜபார்ட்டாக அல்ல. பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டபோது எழுந்து வந்து, கொஞ்ச நேரம் ஆடிவிட்டுப் போகிற சில்லறை வேஷம். அந்தப் பருவத்தில் மட்டும் 80 ஆட்டங்கள் ஆடினார்; பாஸ்டன் சாம்பியன் ஆயிற்று. வேஷத்தைச் சுருக்கியதும் கால் தாங்கிற்று! 2024 மே மாதம் அவர் காலமானார்.

நட்சத்திரம் விழுந்தால் ஜெயிக்கவே முடியாதா என்றால், முடியும். 1980-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அப்படி நடந்தது. இறுதிப் போட்டியில் அவர்களுடைய கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் சுளுக்கி ஊரிலேயே தங்கிவிட்டார். ஆறாவது ஆட்டம் பிலடெல்பியாவில். விமானத்தில் கரீம் வழக்கமாக உட்காரும் ஆசனத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் போய் உட்கார்ந்துகொண்டு, "நான் இருக்கிறேன், பயப்படாதீர்கள்" என்ற தோரணையில் பேசினானாம். மாஜிக் ஜான்ஸன் என்று பெயர். அதுதான் அவனுக்கு முதல் பருவம். பந்தைக் கொண்டுவந்து பங்கிட்டுக் கொடுப்பதுதான் அவனுடைய வேலை. அன்று கரீமின் இடத்தில் நின்று 42 புள்ளிகள் போட்டான். லேக்கர்ஸ் சாம்பியன். ஒரு இரவுக்கு இப்படி ஒரு வேஷம் கட்டலாம். 82 இரவுகளுக்கு முடியாது என்பதுதான் விஷயம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கோஷ்டி சம்பளத்துக்கு இவ்வளவு செலவழிக்கலாம் என்று சங்கம் வரம்பு கட்டியிருக்கிறது. பெரிய நட்சத்திரம் ஒருவரே அதில் 35 சதவீதம் வரை வாங்கலாம். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே அவருக்குச் சமமான இன்னொருவரை விலைக்கு வாங்க முதலாளிக்கு மனசிருந்தாலும் இடமிருக்காது.

இதனால் நட்சத்திரங்களைப் பொத்திப் பொத்தி வைக்க ஆரம்பித்தார்கள். ஸான் அன்டோனியோ கோஷ்டியின் கோச்சாக இருந்த கிரெக் பாப்போவிச் இதில் கில்லாடி. 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் டிம் டங்கனை உட்கார வைத்தார். ஆடாததற்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில் "வயோதிகம்" என்று போட்டிருந்தது! டங்கனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அதே வருஷம் நவம்பரில், மயாமியில் ஆட்டம் இருக்க, நான்கு பெரிய ஆட்டக்காரர்களை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். சங்கம் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. டிக்கெட் வாங்கிய ஜனங்கள் யாரைப் பார்ப்பார்கள் என்பது சங்கத்தின் கவலை. 2023-24 முதல், 65 ஆட்டங்களாவது ஆடாதவருக்குத் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் கிடையாது என்றே விதி செய்துவிட்டார்கள். பழைய விதி வால்டனுக்கு அனுகூலம். பட்டம் வாங்கிய பருவத்தில் அவர் ஆடியது 58.

அந்த ஸான் அன்டோனியோவுக்கு டங்கன் வந்து சேர்ந்ததே ஒரு காயத்தினால்தான். 1995-96-ல் 59 ஆட்டங்கள் ஜெயித்த கோஷ்டி அது. அடுத்த பருவத்தில் அதன் நட்சத்திரம் டேவிட் ராபின்ஸன் முதுகிலும் பாதத்திலும் அடிபட்டு ஆறே ஆட்டங்கள் ஆடினார். வெற்றி 20 ஆகச் சரிந்தது. ஆனால் அங்கே ஒரு வேடிக்கையான ஏற்பாடு: மோசமாகத் தோற்றவர்களுக்கிடையே சீட்டுக் குலுக்கிப் போட்டு, புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுப்பார்கள். ஸான் அன்டோனியோவுக்குச் சீட்டு விழுந்தது. 1997-ல் டங்கன் வந்தார். ராபின்ஸனும் குணமாகித் திரும்பினார். 1999-ல் சாம்பியன். டங்கன் இருந்த வரையில் மொத்தம் ஐந்து பட்டங்கள். ராபின்ஸன் கால் முறியாமல் இருந்திருந்தால்?

சிகாகோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2012 ஏப்ரல் 28-ந் தேதி 12 புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிய 1 நிமிஷம் 22 விநாடி. அந்த நேரத்தில் டெரிக் ரோஸின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. இருபத்திரண்டு வயதில் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கியவர். ஜெயித்த ஆட்டத்தில் அவரை ஏன் இன்னும் நிறுத்தியிருந்தார் கோச் என்று சிகாகோவில் வெகுகாலம் சண்டை போட்டார்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார். நம் துரியோதனனுக்குத் தொடை எப்படியோ, கிரேக்கர்களின் வீரன் அக்கிலிஸுக்குக் குதிகால் அப்படி. அதனால் அந்த நாருக்கு அவன் பெயர். அறுந்தால் திரும்பி ஆடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். 2019 ஜூன் 10-ந் தேதி, கெண்டைக்கால் காயத்திலிருந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பிய கெவின் டுராண்டுக்குப் பன்னிரண்டே நிமிஷத்தில் அது அறுந்தது. மூன்று நாள் கழித்து அதே கோஷ்டியின் கிளே தாம்ஸனுக்கு முழங்கால். இறுதிப் போட்டி டொரான்டோவுக்குப் போயிற்று. அடுத்த பருவத்தில் டுராண்ட் வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார், ஸ்டீபன் கரிக்குக் கை ஒடிந்தது. பல முறை சாம்பியனான கோல்டன் ஸ்டேட் 15 வெற்றி, 50 தோல்வி.

2025-ல் இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்டனுக்கு இருபத்தைந்து வயது. இறுதிப் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்காலில் அடி. டுராண்டுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். ஆனாலும் ஆறாவதில் ஆடினார், ஜெயித்தார்கள். ஜூன் 22-ந் தேதி, ஒக்லஹோமா நகரத்தில் ஏழாவது ஆட்டம். முதல் ஏழு நிமிஷத்துக்குள் தூரத்திலிருந்து மூன்று பந்துகள் போட்டு 9 புள்ளி எடுத்தார். பந்துடன் முன்னால் பாய ஒரு அடி எடுத்து வைத்தார். அதே வலது கால். கீழே விழுந்து தரையைக் கையால் அறைந்தார். அவர் இல்லாமலே இண்டியானா பாதி ஆட்டம் வரை ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கடைசியில் 103-க்கு 91 என்று தோற்றது.

மறுநாள் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு அவர் எழுதியதில், மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் ஆடத்தான் செய்வேன் என்றார். ஜூலை மாதம் கோஷ்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: 2025-26 பருவம் முழுவதும் ஹாலிபர்டன் ஆடமாட்டார்.